பல் டாக்டருக்கு வந்த அழைப்பிதழ்

மே 4

மதிப்பிற்குரிய முனைவர் அவர்களுக்கு,

தங்களுடன் பிறந்தவள் எழுதிக்கொள்வது. இங்கே நலம். தாங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

நேற்றுக் காலை கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதற்காக நம் பழைய பல் டாக்டரிடம் போனேன். சின்ன வயதில் தாங்கள் அவர் விரலைக் கடித்துவிட்டுச் செருப்புகூடப் போடாமல் ஓடினீர்களே, அதே டாக்டர்தான். வாயை அகலத் திறக்கச் சொல்லி, இரண்டு பக்கமும் பஞ்சை அடைத்து, ஊசியும் போட்டார். மரத்துப் போகிறவரை சும்மா இருக்க வேண்டாமென்று பேச்சுக் கொடுத்தார்.

"தம்பி பொண்ணு கல்யாணத்துக்கு என்னிக்குக் கிளம்பறீங்க? நான் முந்தின நாளே போயிடலாம்னு இருக்கேன். பத்திரிகை ரொம்ப நல்லா இருக்கு. உங்க வீட்டுல எத்தனை பேர் போறீங்க?"

நான் "ஆ... ஆ..." என்றேன்.

"எல்லாருமா? சந்தோஷம்!" என்று சொல்லிக்கொண்டே பல்லைப் பிடுங்கிவிட்டார்.

ஐயா, கல்யாணம் என்பது எனக்குத் தெரியும். தங்கள் பெண் வாலு போன மாதமே போனில் சொல்லிவிட்டாள். தேதி, மண்டபம், மாப்பிள்ளைக்கு நெற்றி ஏறிக்கொண்டே போவது வரைக்கும் சொன்னாள். ஆனால் சேதி வேறு, அழைப்பு வேறு. பெண்ணைப் பெற்றவன் அழைக்க வேண்டும். வாசலில் தபால் பெட்டி சத்தம் கேட்கும்போதெல்லாம் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். மின்சாரக் கட்டணம் வந்தது. யாரோ மெத்தை விற்கிற விளம்பரம் வந்தது. தங்கள் அழைப்பிதழ் வரவில்லை.

காரணம் என்னவென்று யோசித்தேன். எனக்குத் தெரிந்து ஒன்றுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், தாங்கள் கண்டுபிடித்த 'சல்லடை' என்ற அதிசயத்தை எங்கள் கம்பெனிக்கு எடுத்து வந்தீர்கள். அடுத்தவர் எழுதும் மென்பொருளை உடைத்துப் பார்க்கத்தான் அங்கே எனக்குச் சம்பளம். உடைத்தேன். உடைந்தது. அந்தக் கணக்கை இப்போது பெண் கல்யாணத்தில் தீர்க்கிறீர்கள்.

என் தொழில்முறைப்படியே புகாரைப் பதிவு செய்கிறேன்.

செய்தது: ஒரே தம்பியின் ஒரே பெண் கல்யாணத்துக்குக் காத்திருந்தேன்.
எதிர்பார்த்தது: அழைப்பிதழ்.
நடந்தது: பல் போனது.
தீவிரம்: மிக அதிகம்.

போன் செய்ய வேண்டாம். தங்கள் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். தங்கள் குரலைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும், இவ்வளவு நாள் சேர்த்து வைத்த கோபம் பாழாகிவிடும். எதுவானாலும் எழுத்தில் வரட்டும்.

இப்படிக்கு,
அழைக்கப்படாதவள்


மே 8

அன்புள்ள அக்காவுக்கு,

ஐயோ.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் இந்த ஒரு வார்த்தைதான் வந்தது. உனக்கு போன் செய்தேன், போகவில்லை. மாமாவுக்குச் செய்தேன். "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. கூப்பிட்டா வருவோம், கூப்பிடலைன்னா வீட்டுல தூங்குவோம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அக்கா, பழியும் இல்லை, பகையும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். போன தடவை நாங்கள் வீடு மாறியபோது நான், இவள், வாலு மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் அழைத்தோம். ஒரே ஆளுக்கு மூன்று அழைப்புப் போனது. வேறு சிலருக்கு ஒன்றுகூடப் போகவில்லை. இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாது என்று இவள் ஒரு நோட்டு வாங்கி மேஜையில் வைத்தாள். "யாருக்கு அனுப்பறீங்களோ அவங்க பேரை இதுல எழுதிடுங்க. போதும்" என்றாள். கோடிக்கணக்கான பெயரைக் கையளவு இடத்தில் அடக்க வழி கண்டுபிடித்தவன் வீட்டில் நோட்டா? சல்லடையை எடுத்து வீட்டுக் கணினியில் போட்டேன்.

அது எப்படி வேலை செய்கிறதென்று நீ அன்றைக்குக் கேட்க மறுத்துவிட்டாய். இப்போதாவது கேள். ஒரு நீள வராந்தா. அதில் நாற்பதாயிரம் விளக்கு. ஒரு பெயரை உள்ளே போட்டால், அந்தப் பெயருக்கென்று கணக்குப்படி அமைந்த மூன்று விளக்குகள் எரியும். பெயரை எங்கேயும் எழுதி வைப்பதில்லை, விளக்கு மட்டும்தான். அதனால்தான் இடம் மிச்சம். பிறகு ஒருவர் வந்தாரா என்று கேட்டால், அவருடைய மூன்று விளக்கையும் பார்க்கும். ஒன்று அணைந்திருந்தாலும் அவர் வரவே இல்லை. இதில் பிசகே கிடையாது. மூன்றும் எரிந்தால் வந்திருக்கிறார். அல்லது, இங்கேதான் அக்கா அழகு, வேறு மூன்று பேர் தங்கள் விளக்கைப் போடும்போது தற்செயலாக இவருடைய விளக்கும் எரிந்திருக்கலாம். அதாவது 'இல்லை' என்றால் இல்லவே இல்லை. 'இருக்கிறது' என்றால் அநேகமாக இருக்கிறது. இன்னொன்று, ஒருமுறை போட்ட பெயரை எடுக்க முடியாது. ஒரு விளக்கை அணைத்தால் அது யார் யாருடைய விளக்கோ!

உறையில் விலாசம் எழுதுவதற்கு முன் சல்லடையைக் கேட்க வேண்டும். 'இல்லை' என்றால் அனுப்பிவிட்டுப் பெயரைப் போட வேண்டும். 'இருக்கிறது' என்றால் விட்டுவிட வேண்டும். உன் முறை வந்தபோது இவள், "அண்ணின்னு போடவா?" என்று கேட்டாள். "எல்லாரையும் நான் கூப்பிடற மாதிரியே போடு, அப்பதான் குழப்பம் வராது" என்றேன். 'அக்கா' என்று தட்டினாள். 'இருக்கிறது' என்று வந்தது. நான் ஏற்கெனவே அனுப்பிவிட்டேன் என்று அவள் நினைத்தாள். அவள் அனுப்பியிருப்பாள் என்று நான் நினைத்தேன். நம் சண்டை உனக்குத் தெரியும், அதனால் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

இதில் ஒரு அபூர்வத்தைக் கவனித்தாயா? முந்நூறு விருந்தாளிக்கு நாற்பதாயிரம் விளக்கு. இப்படித் தவறாக 'இருக்கிறது' என்று வர லட்சத்தில் ஒரு வாய்ப்பு! இவ்வளவு வருஷமாகக் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தேனே தவிர, கண்ணால் பார்த்ததில்லை. நேரில் நடந்திருக்கிறது, அதுவும் நம் வீட்டில்! அடுத்த ஆராய்ச்சிக் கட்டுரையில் இதை உதாரணமாகப் போடலாமா? உன் பெயர் வராது. 'ஒரு நெருங்கிய உறவினர்' என்று மட்டும் போடுகிறேன்.

அழைப்பிதழை இத்துடன் வைத்திருக்கிறேன். கட்டாயம் வா.

அன்புத் தம்பி


மே 12

மதிப்பிற்குரிய முனைவர் அவர்களுக்கு,

அழைப்பிதழைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதன் மேல் மஞ்சளாக இருப்பது பல் பிடுங்கிய இடத்துக்கு நான் தடவும் மருந்து. கோபத்தில் கை பட்டுவிட்டது.

முந்நூறு பேரை நினைவில் வைக்க நாற்பதாயிரம் விளக்கு! எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை இதுதான். உன் மனைவி வாங்கி வைத்த நோட்டில் இரண்டே பக்கம் ஆகியிருக்கும். அவளைப் படிக்க வைத்திருந்தால் அவள் முனைவர், நீ நோட்டு. (பார், 'தாங்கள்' போய்விட்டது. அவ்வளவு கோபம்.)

சரி, உன் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். லட்சத்தில் ஒன்று. பல் டாக்டருக்கு நடக்கவில்லை. உன் மாடி வீட்டு வக்கீலுக்கு நடக்கவில்லை. உன் வீட்டுக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கிறாரே, அவருக்கும் நடக்கவில்லை. இரண்டு வருஷமாக நீ பேசாத ஒரே ஒரு ஆள் நான். லட்சத்தில் ஒன்று சரியாகத் தேடி வந்து என் தலையில்தான் விழுந்ததா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் தம்பி, சோதனைப் பிரிவில் வேலை பார்ப்பவளிடம் மறைக்க முடியாது. 'தற்செயலா நடந்துடுச்சு மேடம், இனிமே வராது' என்று சொல்லாத ஒரு புரோகிராமரை நான் இன்னும் பார்க்கவில்லை.

அப்புறம், கட்டுரையில் போடலாமா என்று கேட்டாய். உதாரணமாகவா? என்னையா? நான் எதற்கு அழுதேன் என்றுகூடப் புரியாமல், அழுததை அளந்து பார்க்கிறாய்.

அன்றைக்கு எங்கள் கம்பெனியில் உனக்கு அவமானம் என்பது எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ வருகிறாய் என்று அன்று இரண்டு டிபன் டப்பா கட்டி எடுத்து வந்தேன். நீ சாப்பிடாமல், சொல்லாமல், லிப்டுக்குக்கூடக் காத்திராமல் படியில் இறங்கிப் போனாய். இரண்டு டப்பாவையும் வீட்டுக்குத் தூக்கி வந்தேன். பஸ்ஸில் உட்கார இடமில்லை.

நீ சொல்வது உண்மையா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வழி இருக்கிறது. சல்லடையை அனுப்பு. விருந்தாளிகள் பெயரையும் அனுப்பு. நான் சோதிக்கிறேன். தற்செயல் என்றால் தற்செயல் என்று காட்டிக்கொடுக்கும். வேறு என்றால் அதையும் காட்டும்.

அக்கா


மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்து இரண்டு நாள் ஆகிறது. அந்த டிபன் டப்பாவைத் தாண்டி எனக்கு எழுத வரவில்லை. எனக்குத் தெரியாது அக்கா.

ஆனால் என் பக்கமும் கேள். அன்றைக்கு உங்கள் கூட்ட அறையில் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். உன் மேலாளர் என்னிடம் கை குலுக்கிவிட்டு, "உங்க அக்கா பார்த்துட்டாங்க, என்ன எழுதியிருக்காங்கன்னு படிக்கலாமா?" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். உன் அறிக்கையில் ஒரே ஒரு வார்த்தை இருந்தது: 'தாங்காது.' ஆராய்ச்சி உலகத்தில் எதிரிகூட இரண்டு பக்கம் எழுதுவான். வெளியே வந்தால் டீ இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பையன், "சொந்த அக்காவே பாஸ் போடலியாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அதற்கு மேல் எப்படி உட்கார்ந்து சாப்பிடுவேன்?

அதனால் சல்லடையை மறுபடி உன் கையில் கொடுக்க எனக்குப் பயமாக இருக்கிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நீ எதைத் தொட்டாலும் அது உடைகிறது. நான் ஆசையாக வளர்த்தது.

இங்கே நிலைமை மோசம். விஷயம் வாலுவுக்குத் தெரிந்துவிட்டது. "அத்தை வரலைன்னா நான் மண்டபத்துக்கு வரமாட்டேன். நீங்களும் உங்க சல்லடையும் மாப்பிள்ளை கூட நின்னு போட்டோ எடுத்துக்கங்க" என்கிறாள். இவள் நோட்டைத் தூக்கி என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். வைத்ததோடு சரி.

வாலுவுக்காகவாவது வந்துவிடேன். சல்லடையை அனுப்புகிறேன், பென்டிரைவ் இத்துடன் இருக்கிறது. ஒரே ஒரு வேண்டுகோள்: அறிக்கையில் ஒரு வார்த்தைக்கு மேல் எழுது.

தம்பி


மே 20

தம்பிக்கு,

பென்டிரைவைத் திறந்தேன். இரவிக்கைக்குக் கை வெட்டுவது எப்படி என்று ஒரு அம்மாள் விளக்கமாகச் சொல்கிறார். மொத்தம் நாற்பது பாடம். உன் மனைவியின் தையல் வகுப்பு என்று நினைக்கிறேன். மாமாவும் நானும் மூன்று பாடம் பார்த்துவிட்டோம், நன்றாகவே இருக்கிறது.

சல்லடையை அனுப்பு.

வாலுவுக்காக வா என்று எழுதியிருக்கிறாய். வாலு அழுதாள் என்பதற்காக நீ என்னை அழைக்க வேண்டாம். அவளுக்கு நான் அத்தை, அதில் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. உனக்கு நான் யார் என்பதுதான் இப்போது கேள்வி. அதற்குப் பதில் தெரியாமல் நான் அந்த மண்டபத்தில் ஒரு நாற்காலியில் உட்காரமாட்டேன்.

அக்கா


மே 23

அக்கா,

இந்த முறை சரியான பென்டிரைவ். இருமுறை பார்த்தேன். இவளும் பார்த்தாள். தையல் பாடங்களை உடனே திருப்பி அனுப்பச் சொல்கிறாள், கல்யாணத்துக்கு உடுத்த வேண்டியது பாதியில் நிற்கிறதாம்.

சல்லடையை நான் வீட்டில் எப்படி ஆரம்பித்தேனோ அப்படியே வைத்திருக்கிறேன், ஒரு விருந்தாளியும் இல்லாமல். பெயர்கள் தனியாக இருக்கின்றன. நீயே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்.

தம்பி


மே 30

தம்பிக்கு,

நாலு நாளாக ஆபீஸ் முடிந்து வந்ததும் இதுதான் வேலை. மாமா தானே தோசைக்கல் எது, வாணலி எது என்று கண்டுபிடித்துவிட்டார். அந்த வகையில் உன் ஆராய்ச்சியால் ஒரு நன்மை.

முதலில் சில்லறைப் பிழைகள். 'மாடி வீட்டு வக்கீல்' என்று தட்டுவதும், அதையே கடைசியில் ஒரு இடைவெளி விட்டுத் தட்டுவதும் உன் சல்லடைக்கு இரண்டு ஆள். விசாரித்துப் பார், அவருக்கு இரண்டு அழைப்பு வந்திருக்கும். பெயரே தட்டாமல் வெறுமனே பொத்தானை அமுக்கினால், அந்த 'ஒன்றுமில்லை'யும் ஒரு விருந்தாளியாக உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. விலாசமில்லாத உறை ஒன்று உங்கள் வீட்டுக்கே திரும்பி வந்திருக்க வேண்டுமே? அப்புறம், 'அக்கா' என்று பெயர் வைத்தால் உலகத்தில் எத்தனை அக்கா! உன் மனைவி வாயில் வந்தபடி 'அண்ணி' என்று தட்டியிருந்தால் முதல் உறை எனக்குத்தான் வந்திருக்கும். ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்ப் பானையில் துள்ளி.

இனி என் விஷயம். உன் விருந்தாளிகள் எல்லோரையும் போட்டேன், என்னைத் தவிர. 'அக்கா' இருக்கிறாளா என்று கேட்டேன். இருக்கிறது என்றது. அதுவரை நீ சொன்னது சரி.

நீ சொன்னபடி யாரோ மூன்று பேர்தான் என் விளக்கை எரிய விட்டிருக்க வேண்டும். அவர்கள் யாரென்று தெரிய வேண்டுமே! முந்நூறு பேரையும் ஒவ்வொருவராக விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தால் வாலுவுக்குக் குழந்தையே பிறந்துவிடும். அதனால் பாதியை ஒரேயடியாக விலக்கினேன். புதிதாக ஆரம்பித்து, மீதிப் பாதியை மட்டும் போட்டுக் கேட்டேன். இருக்கிறது. சரி, ஆசாமிகள் இந்தப் பாதியில் என்று, அதிலும் பாதியை விலக்கினேன். இருக்கிறது. அதிலும் பாதி. இருக்கிறது. கடைசியில் வக்கீல், பல் டாக்டர், தையல் கடைக்காரர் மூன்று பேர்தான் மிஞ்சினார்கள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். வக்கீலை விலக்கினேன். இருக்கிறது. தையல் கடைக்காரரை விலக்கினேன். இருக்கிறது. பாவம், பல் டாக்டர் தனியாக என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரையும் விலக்கினேன்.

ஒருவருமே இல்லை. யாரையும் போடவில்லை. அப்போதும் கேட்டேன்.

அக்கா: இருக்கிறது.

மறுபடி வேறு பெயர்களைக் கேட்டேன். உன் மனைவி: இல்லை. வாலு: இல்லை. மாப்பிள்ளை: இல்லை. உன் பெயரையே போட்டுக் கேட்டேன்: இல்லை. நான் மட்டும்: இருக்கிறது. யாருமே வராத உன் வராந்தாவில் மூன்றே மூன்று விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது, மூன்றும் என்னுடையது.

இது லட்சத்தில் ஒன்று இல்லை தம்பி. தற்செயலே இல்லை. யாரோ முன்கூட்டியே 'அக்கா'வை உள்ளே போட்டு வைத்திருக்கிறார்கள். போட்டால் எடுக்க முடியாது என்று நீயே சொன்னாய். எப்போது கேட்டாலும் 'அழைத்தாகிவிட்டது' என்று வரும்படி, எனக்கு மட்டும் ஒருநாளும் உறை எழுதப்படாதபடி செய்து வைத்திருக்கிறாய். இவ்வளவு யோசித்தா என்னை வெட்டிவிட நினைத்தாய்? ஒரு வரி எழுதியிருந்தால் நானே ஒதுங்கியிருப்பேனே.

பதில் எழுது. விளக்கு, வராந்தா எதுவும் வேண்டாம். இந்தத் தடவை எனக்குப் புரியும்படி எழுது.

அக்கா


ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். 'அக்கா: இருக்கிறது' என்ற வரிக்கு வந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. படியில் உட்கார்ந்துவிட்டேன். இவள் வந்து என்ன என்று கேட்டாள். கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு முதலில் சிரித்தாள், பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போனாள்.

நீ கண்டுபிடித்தது சரி. போட்டது நான்தான். ஆனால் நீ நினைக்கிற காரணத்துக்காக இல்லை.

ஒரு புரோகிராமை எழுதி முடித்ததும், அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எதையாவது தட்ட வேண்டும் இல்லையா? எல்லோரும் ஏதோ ஒன்றைத் தட்டுவார்கள். ஒருவர் தன் பெயரைத் தட்டுவார், ஒருவர் ஒன்று இரண்டு மூன்று என்று தட்டுவார். நான் எதைத் தட்டுகிறேன் என்று இதுவரை யோசித்ததே இல்லை. கை தானாகத் தட்டிவிடும். நேற்றுப் பழைய கணினிகளை எல்லாம் திறந்து பார்த்தேன். கல்லூரியில் எழுதிய முதல் புரோகிராமிலிருந்து சல்லடை வரைக்கும் எல்லாவற்றிலும் முதலில் உள்ளே போனது ஒரே வார்த்தைதான். அக்கா.

எங்கள் ஆராய்ச்சிக் கூடத்தின் வருகைப் பதிவும் நான் எழுதியதுதான். அதில் 'அக்கா' என்று ஒரு ஊழியர் இருக்கிறார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒருநாள்கூட வரவில்லை. ஏன் வரவில்லை என்று விளக்கம் கேட்டு நிர்வாகம் அவருக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டிருக்கிறதாம். இன்று காலைதான் கேள்விப்பட்டேன். அலுவலக மேலாளரிடம், அது என் அக்கா என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஏன் அந்த வார்த்தை என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாசலில் நின்று, "அக்கா" என்று கத்துவேன். நீ உள்ளேயிருந்து, "என்னடா, கதவு திறந்துதான் இருக்கு" என்பாய். பதில் வந்துவிட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பதில் வராவிட்டால் பையோடு படியிலேயே உட்கார்ந்திருப்பேன். அவ்வளவுதான் அக்கா. இப்போதும் ஒரு புதுப் புரோகிராம் எழுதினால் அதைத்தான் செய்கிறேன். கூப்பிட்டுப் பார்க்கிறேன், பதில் வருகிறதா என்று.

நம் சண்டை நடந்தபிறகுதான் சல்லடையை வீட்டுக் கணினிக்கென்று மறுபடி எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உன் மேல் எனக்குக் கொள்ளைக் கோபம் இருந்த நாள். அப்போதும் கை அதைத்தான் தட்டியிருக்கிறது. சோதித்து முடித்ததும் வராந்தாவைத் துடைத்துவிட்டு ஆரம்பித்திருக்க வேண்டும். துடைக்கவில்லை. பாடம் நடத்துகிறவன் செய்யக் கூடாத தப்பு. என் மாணவர்கள் செய்தால் மதிப்பெண்ணில் கை வைப்பேன்.

'தாங்காது' என்று நீ எழுதியது சரிதான். வக்கீலுக்கு இரண்டு அழைப்புப் போயிருக்கிறது. "ரெண்டு நாள் கல்யாணமா சார்?" என்று கேட்டார். விலாசமில்லாத உறையும் திரும்பி வந்தது. பால் பொங்கிய அவசரத்தில் இவள் வெறும் பொத்தானை அமுக்கியிருக்கிறாள். அன்றைக்கு உன் அறிக்கையைக் கேட்டு நான் திருத்தியிருந்தால் இதெல்லாம் வந்திருக்காது. இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று உனக்குத் தெரியும்.

சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று கணக்கு வைக்க நேற்றுப் புதிதாக ஒன்று எழுதினேன். இந்தத் தடவை சுத்தமாக ஆரம்பிக்க வேண்டும் என்று உறுதியாக இருந்தேன். எழுதி முடித்து நிமிர்ந்து பார்த்தால், திரையில் 'அக்கா' என்று இருக்கிறது. பின்னால் நின்ற இவள், "விடுங்க, சாப்பாட்டுக்குத்தானே, அண்ணி ஒரு ஆள் இருக்கட்டும்" என்றாள். அப்புறம் அந்த நோட்டை எடுத்துக் கையில் கொடுத்தாள். விருந்தாளிக் கணக்கு இனி நோட்டில்தான். முதல் வரியில் உன்னை எழுதியிருக்கிறேன்.

மஞ்சள் மருந்து பட்ட அதே அழைப்பிதழைத் திரும்ப வைத்திருக்கிறேன். வாலுவுக்காக இல்லை. நான் கூப்பிடுகிறேன். கல்யாணத்துக்கு வா அக்கா. நீ வராவிட்டால் அன்றைக்கு நான் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

தம்பி


ஜூன் 6

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்திவிட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நிஜமாவே போறோமா? நான் சட்டையை இஸ்திரி போடக் கொடுக்கணும்" என்றார். இந்த மனிதர் ஒரு மாதமாக என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சட்டையை மட்டும் தனியே எடுத்து வைத்திருந்திருக்கிறார்.

உன் எண்ணை விடுவித்துவிட்டேன். உடனே போன் செய்யாதே. இன்னும் இரண்டு நாள் கோபமாக இருக்க விரும்புகிறேன். இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்தது.

அந்த ஊழியருக்கு உங்கள் நிர்வாகம் அனுப்பிய கடிதங்களை எடுத்து வை. விளக்கத்தை நானே எழுதுகிறேன்: தம்பி கூப்பிடவில்லை, அதனால் வரவில்லை. சம்பளப் பாக்கி இருந்தால் அதையும் கேட்பேன்.

சல்லடையின் அறிக்கை இத்துடன் இருக்கிறது. ஒரு வார்த்தைக்கு மேல் எழுதச் சொன்னாய், பதினோரு பக்கம் எழுதியிருக்கிறேன். எல்லாப் பிழையையும் திருத்து. இடைவெளி, வெறும் பொத்தான், எதையும் விடாதே. திருத்தினால் தாங்கும். நான் சொன்னால் தாங்கும். எங்கள் மேலாளரிடம் பேசிவிட்டேன், கல்யாணம் முடிந்ததும் மறுபடி எடுத்து வா. அந்த டீ இயந்திரப் பையன் இப்போது எனக்குக் கீழே வேலை பார்க்கிறான். அவனை விட்டே உனக்கு டீ எடுத்து வரச் சொல்கிறேன்.

கடைசிப் பக்கத்தில் இருக்கும் அந்த மூன்று விளக்குப் பிழையை மட்டும் தொடாதே. அதற்கு எதிரே 'திருத்த வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இத்தனை வருஷ வேலையில் நான் இப்படி எழுதியது இதுதான் முதல் தடவை. யாரிடமும் சொல்லாதே, பேர் கெட்டுவிடும்.

தையல் பாடங்கள் உள்ள பென்டிரைவை நானே எடுத்து வருகிறேன். வாலுவுக்கு என் கையால் ஒரு இரவிக்கை தைத்திருக்கிறேன். ஒரு கை கொஞ்சம் நீளம், சோதித்துப் பார்க்கவில்லை.

பன்னிரண்டாம் தேதி மாலை வண்டி. இரண்டு டிபன் டப்பா கட்டி எடுத்து வருகிறேன். இந்தத் தடவை சாப்பிடாமல் எழுந்து போனால் காலை உடைப்பேன். உடைப்பதுதான் என் தொழில் என்று உனக்கே தெரியும்.

ஸ்டேஷனுக்கு நீ வர வேண்டாம், கல்யாண வேலை ஆயிரம் கிடக்கும். வண்டி எப்படியும் தாமதமாகத்தான் வரும், நாங்கள் ஆட்டோ பிடித்து வந்துவிடுகிறோம். கதவைத் திறந்து வை. வாசல் விளக்கை அணைத்துவிடாதே.

அக்கா